பாபநாசத்தில் துணியை விடச் சொல்லும் ஜோதிடப் பெருமக்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஜோதிடப் பெருமக்களுக்கு,

வணக்கம். பொதிகை மலையின் அடிவாரத்தில், பாபநாசத்துக்குப் பக்கத்து ஊரில் பிறந்து வளர்ந்து, இன்றும் வாரத்துக்கு இரண்டு மூன்று நாட்களாவது பாபநாசநாதர் கோயில் படித்துறையில் இறங்கிக் குளிக்கிறவன் என்ற உரிமையில் இந்த மடலை எழுதுகிறேன். ஜோதிடத்தில் எனக்கு நம்பிக்கை உண்டு. என் திருமணத்துக்கு நாள் குறித்தவரும், என் பிள்ளைகளுக்கு ஜாதகம் கணித்தவரும் உங்களில் ஒருவர்தான். ஆகவே உங்கள் கலையைக் குறை சொல்ல நான் வரவில்லை. நாடி வருகிறவர்களுக்கு உங்களில் பலர் எழுதிக் கொடுக்கும் பரிகாரச் சீட்டில் இடம்பெறுகிற ஒரே ஒரு வரியைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது. தாமிரபரணியில் நீராடி, உடுத்திய துணியை ஆற்றில் விட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வர வேண்டும் என்கிற வரி அது.

கடந்த தை மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, பொழுது விடிந்து அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது, ஒரு குடும்பம் படித்துறைக்கு வந்தது. தாய், தகப்பன், முப்பது வயதை ஒட்டிய ஒரு மகள். இரவெல்லாம் பேருந்தில் உட்கார்ந்து வந்த களைப்பு மூவர் முகத்திலும் தெரிந்தது. தகப்பனார் சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த தாள் ஒன்றை எடுத்து, ஒவ்வொரு வரியாக வாய்விட்டுப் படித்து, மகளை எந்தத் திசை பார்த்து நிற்க வேண்டும், எத்தனை முறை முங்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார். அந்தப் பெண் மஞ்சள் நிறத்தில் புதுச் சுடிதார் உடுத்தியிருந்தாள்; விலைச்சீட்டைக் கட்டியிருந்த நூல்கூடக் கழுத்துப் பக்கத்தில் அறுபடாமல் கிடந்தது. குளித்துக் கரையேறியதும் தாய் ஒரு துண்டை விரித்து மறைப்புப் பிடிக்க, அவசர அவசரமாக மாற்றுடை உடுத்திக்கொண்டு, ஈரச் சுடிதாரைத் தண்ணீரில் விட்டாள். அது காற்றை உள்வாங்கி உப்பி, கொஞ்ச தூரம் மிதந்து போய், ஒரு பாறையின் முனையில் மாட்டிக்கொண்டு நின்றது. "திரும்பிப் பார்க்காதம்மா, நேரா நட" என்றார் தகப்பனார். அவளும் பார்க்கவில்லை. மூவரும் படியேறிக் கோயிலுக்குள் போய்விட்டார்கள். யாத்திரிகர்கள் போடும் பொரிக்குப் பழகிய மீன்கள் கூட்டமாக அந்தத் துணியைச் சுற்றி வந்து, வாயால் தொட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டு விலகிப் போயின.

திரும்பிப் பார்க்கக் கூடாது என்று சொல்லி அனுப்பிவிடுவதால், விட்ட துணி பிறகு என்ன ஆகிறது என்பது விட்டவர்களுக்குத் தெரிவதில்லை. தொலைவிலிருந்து எழுதி அனுப்புகிற உங்களுக்கும் அது தெரிய வாய்ப்பில்லை. படித்துறையில் நிற்கிற நாங்கள்தான் நாள்தோறும் பார்க்கிறோம்.

ஆறு எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போய்விடும் என்பது வெளியூர்க்காரர்களின் நம்பிக்கை. மழைக்காலத்தில் காரையாறு அணை நிரம்பி உபரி நீர் திறந்துவிடப்படும் நாட்களில் அது ஓரளவு உண்மை. மற்ற நாட்களில் தண்ணீர் பாறைகளுக்கு நடுவே இடுப்பளவிலும் முழங்காலளவிலும் ஓடுகிறது. அதில் விடுகிற சேலை பத்து அடி தாண்டுவதற்குள் பாறையிலோ நாணல் தூரிலோ சிக்கிக்கொள்ளும். சிக்கிய சேலையில் அடுத்து வருகிற வேட்டி சுற்றிக்கொள்ளும். பிறகு மணல் வந்து மடிப்புகளில் புகுந்து இரண்டையும் அமுக்கும். நானும் நண்பர்கள் சிலரும் ஞாயிற்றுக்கிழமைகளில் துணி எடுக்க இறங்குவது வழக்கம். ஒரு முறை, தண்ணீருக்கு மேல் இரண்டு முழம் மட்டுமே தெரிந்த ஒரு நீலச் சேலையை இழுக்கத் தொடங்கினோம். நான்கு பேர் சேர்ந்து இழுத்தும் வரவில்லை. கடப்பாரையால் மணலைக் கிளறி, அரிவாளால் அங்கங்கே அறுத்து, ஒரு மணி நேரம் போராடி வெளியே எடுத்தபோது அந்த ஒரு சேலையோடு பின்னிப் பிணைந்து பாவாடைகளும் லுங்கிகளும் பனியன்களும் குழந்தைச் சட்டைகளுமாக ஒரு மூட்டையே வந்தது. அடியில் இருந்த துணிகளின் மேல் கரும்பச்சை நிறத்தில் பாசி வழுவழுவென்று படிந்து, தொட்ட கையில் இரண்டு நாள் நாற்றம் போகவில்லை. ஆனால் சோப்பு போட்டுக் கசக்கிப் பார்த்தபோது, எத்தனை காலம் மணலுக்குள் கிடந்ததென்று தெரியாத அந்தத் துணிகளில் பல, நூல்கூட இற்றுப்போகாமல் இருந்தன.

இற்றுப்போகாததன் காரணம் எளியது. நம் பாட்டன் காலத்தில் உடுத்தியது பருத்தி. தண்ணீரில் கிடந்தால் நாளடைவில் நைந்து மண்ணாகிவிடும். இன்று கடையில் வாங்கும் சேலை, சுடிதார், சட்டை பலவற்றிலும் பாலியெஸ்டரோ நைலானோ கலந்திருக்கிறது. பல துணிகள் முழுக்கவே அதுதான். அது பிளாஸ்டிக் இழை. ஆற்றில் அது மக்குவதில்லை. உரசி உரசி, கண்ணுக்குத் தெரியாத துகள்களாக உதிர்ந்து தண்ணீரில் கலக்கிறது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். முன்பெல்லாம் விடுகிற துணியைக் கரையில் வைத்துவிட்டுப் போவார்கள், இல்லாதவர் எடுத்து உடுத்திக்கொள்வார்கள் என்று என் ஆச்சி சொல்லியிருக்கிறாள். கரையில் வைத்தது எப்போது தண்ணீருக்குள் போனது என்று எனக்கு விளங்கவில்லை. திருநள்ளாற்றில் நள தீர்த்தத்தில் எண்ணெய் தேய்த்துக் குளித்து, உடுத்திய துணியை அங்கேயே விட்டு வரும் வழக்கத்தைப் பலரும் அறிவார்கள். அதைப் பார்த்து இங்கும் அப்படியே செய்யத் தொடங்கினார்களோ என்னவோ. ஆனால் அது நான்கு கரை கட்டிய குளம். விட்டதை அன்றைக்கே அள்ளிவிடலாம். இது ஓடுகிற ஆறு. குளத்துக்குச் சொல்லக்கூடியதை ஆற்றுக்குச் சொல்ல முடியாது.

தூய்மைப் பணிக்கு வருகிற ஓர் அம்மாள் ஒரு நாள் என்னிடம் கேட்ட கேள்வியை உங்கள் முன் வைக்கிறேன். அமாவாசை முடிந்த மறுநாள். கரையெங்கும் ஈரத் துணி. கையுறைகூட இல்லாமல் தொரட்டிக் கம்பால் இழுத்து இழுத்துக் குவித்துக்கொண்டிருந்தவர், சற்று நிமிர்ந்து, "இதை விட்டுட்டுப் போனவுக தோசம் என்னைய ஒட்டிக்கிடுமோ, அய்யா? வீட்டுல வயசுக்கு வந்த பிள்ளை இருக்கா" என்றார். எனக்கு விடை தெரியவில்லை. அப்படியெல்லாம் இல்லை என்று ஏதோ சொல்லி வைத்தேன். அவர் முகம் தெளியவில்லை.

உங்களுக்குத்தான் விடை தெரிந்திருக்க வேண்டும். தோஷம் துணியோடு போகிறது என்றால், அதைத் தினக்கூலிக்கு வாரி எடுக்கிற பெண்ணின் தலையில் அது இறங்குகிறதா? ஒருவர் தம் பாவத்தைக் கழிக்க அதை ஓர் ஏழையின் கையில் ஏற்றிவிட்டு வரலாம் என்று எந்தச் சாத்திரம் சொல்லியிருக்கும்? துணியில் தோஷம் தங்குவதில்லை, நீராடும்போதே அது நீங்கிவிடுகிறது என்றால், துணியை ஆற்றில் விட வேண்டிய அவசியமே இல்லை. இரண்டில் எது உங்கள் முடிவாக இருந்தாலும் அந்த வரி சீட்டில் நிற்க முடியாது என்பது என் தாழ்மையான எண்ணம்.

சாத்திரம் என்ன சொல்கிறது என்று கற்றறிந்தவர்களிடம் கேட்டுப் பார்த்தேன். கங்கைக்குப் போகிறவர்கள் அங்கே செய்யக் கூடாதவை எவை என்று, பிரம்மாண்ட புராணத்தின் பெயரால் தரும சாத்திர நூல்களில் ஒரு சுலோகம் எடுத்துக்காட்டப்படுகிறது. உடல் அழுக்கைத் தேய்த்துக் கழுவுவது, பூசித்துக் கழித்த நிர்மால்யத்தைப் போடுவது, நீரில் விளையாடுவது என்று செல்லும் அந்த வரிசையில் "வஸ்த்ர த்யாகம்", அதாவது துணியை விடுதல், தெளிவாக விலக்கப்பட்டிருக்கிறது. அது கங்கைக்குச் சொன்னது, தாமிரபரணிக்கு அல்ல என்று உங்களில் சிலர் சொல்லக்கூடும். ஆனால் எந்த நீரில் இறங்கும்போதும் கங்கை, யமுனை, கோதாவரி, சரஸ்வதி, நர்மதை, சிந்து, காவேரி என்று ஏழு நதிகளையும் அந்த நீரில் வந்து எழுந்தருளும்படி அழைக்கிற மந்திரத்தைச் சொல்லித்தானே நீராடுகிறோம்? கங்கையை வரவழைத்துவிட்டு, கங்கையில் செய்யக் கூடாததை அந்த நீரிலேயே செய்வது எப்படிப் பொருந்தும்?

பாபநாசத்தின் தலபுராணத்தை நீங்கள் என்னைவிட நன்றாக அறிவீர்கள். இந்திரனைப் பிடித்த பிரம்மகத்தி தோஷம், குருபகவானின் சொற்படி அவன் இத்தலத்துக்கு வந்து வழிபட்டதால் நீங்கிற்று என்பது எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைகளுக்கும் தெரிந்த கதை. வந்தான், வழிபட்டான், தோஷம் நீங்கினான் என்றுதான் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். உடுத்தியதைக் கழற்றி ஆற்றில் எறிந்தான் என்று ஒருவரும் சொன்னதில்லை. தேவேந்திரனுக்கே வேண்டியிராத ஒன்று, கல்யாணம் தள்ளிப்போகிற ஓர் ஏழைப் பெண்ணுக்கு ஏன் வேண்டும்?

இன்னொரு கதை, நவகைலாயத்தின் கதை. அகத்தியர் தம் சீடரான உரோமச முனிவருக்காக ஒன்பது மலர்களை இந்த ஆற்றில் மிதக்க விட்டார் என்றும், அவை ஒவ்வொன்றும் ஒதுங்கிய இடத்தில் முனிவர் சிவலிங்கம் வைத்து வழிபட்டார் என்றும் சொல்வார்கள். பாபநாசத்தில் தொடங்கி, சேரன்மகாதேவி, கோடகநல்லூர், குன்னத்தூர், முறப்பநாடு, ஸ்ரீவைகுண்டம், தென்திருப்பேரை, ராஜபதி வழியாகச் சேர்ந்தபூமங்கலம் வரைக்கும் அந்த ஒன்பது தலங்களும் கரையோரமாக நிற்கின்றன. நீங்களும் இவற்றை ஒன்பது கிரகங்களுக்கு உரிய தலங்களாகச் சொல்லி அன்பர்களை அனுப்பி வைக்கிறீர்கள். அகத்தியர் விட்ட மலர் போன அதே வழியில்தான் நாம் விடுகிற துணியும் போகிறது. பாபநாசத்துக்குக் கீழே கோடைமேலழகியான் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகள் இருக்கின்றன. வெள்ளம் வருகிற நாளில் மணலிலிருந்து கிளம்புகிற துணி மதகுகளில் போய் மாட்டுகிறது. வாய்க்கால்களில் இறங்கி வயல் வரைக்கும் போகிறது. கீழே இருக்கிற ஊர்களுக்கெல்லாம் ஆற்றுக்குள்ளேயே உறைகிணறு இறக்கித்தான் குடிநீர் எடுக்கிறார்கள். நெல்லையும் தூத்துக்குடியும் குடிக்கிற தண்ணீர் இது. மலையில் பிறந்து, சுமார் 128 கிலோமீட்டர் ஓடி, புன்னைக்காயல் அருகே கடலில் கலக்கிற வரை தமிழ்நாட்டை விட்டு வெளியே போகாத ஆறு. இந்த ஆற்றைப் பழுதாக்கிவிட்டு நாம் பக்கத்து மாநிலத்தின் மேல் பழி போட முடியாது.

ஊர்களின் சாக்கடையெல்லாம் ஆற்றில் விழும்போது, பக்தர் விடும் நாலு துணியைப் பற்றி மட்டும் ஏன் பேசுகிறாய் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. சாக்கடை பெரிய கேடு என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. தாமிரபரணிக்காக உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை வரைக்கும் வழக்குகள் போயிருக்கின்றன; அந்தப் போராட்டமும் நடக்கத்தான் வேண்டும். ஆனால் பாபநாசத்தின் நிலை வேறு. எங்கள் படித்துறைக்கு மேலே பெரிய ஊர் எதுவும் கிடையாது. புலிகள் காப்பகமான காடும், அணைகளும், மின் நிலையமும், மலைவாழ் பழங்குடிகளான காணிக்காரர்களின் குடியிருப்புகளும்தான். மலையை விட்டு இறங்கிய தாமிரபரணி முதன்முதலாக ஊர்த் தரையைத் தொடுகிற இடம் இது. அங்கே அந்தத் தண்ணீரில் முதல் அழுக்கைப் போடுகிறவர்கள், பாவம் நீங்க வேண்டும் என்று கும்பிட்டு இறங்குகிற நாம்தான். இதை எழுதும்போதே மனம் கூசுகிறது.

உங்களிடம் ஏன் வருகிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அறிவிப்புப் பலகைகள் வைத்துப் பார்த்தாயிற்று. பலகைக்குக் கீழேயே நின்றுகொண்டு துணியை விடுகிறார்கள். நானே எத்தனையோ பேரிடம் கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்லியிருக்கிறேன். "ஜோசியர் சொல்லியிருக்காருங்க" என்ற ஒரே பதிலுக்கு முன்னால் என் பேச்சு எடுபடுவதில்லை. அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். பிள்ளையின் நோய்க்கும் பெண்ணின் கல்யாணத்துக்கும் கடைசி வழியாக நினைத்து வருகிறவர்கள், சொன்னதில் ஒன்று குறைந்தாலும் பலிக்காமல் போய்விடுமோ என்று அஞ்சுவது இயற்கை. அந்த அச்சத்தைப் போக்கக் கூடியவர் அவருக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தவர் ஒருவர்தான். 2018 அக்டோபரில் குரு விருச்சிகத்துக்குப் பெயர்ந்ததை ஒட்டித் தாமிரபரணி மகா புஷ்கரம் என்கிற நீராடல் விழா நடந்தபோது, லட்சக்கணக்கானவர்கள் இந்தக் கரைகளுக்கு வந்தார்கள். அவர்களை அழைத்து வந்தது பஞ்சாங்கக் கணிதமும் உங்கள் வாக்கும்தான். அவ்வளவு பேரை வரவழைக்க முடிந்த சொல்லுக்கு, ஒரு துணியைக் கரையில் நிறுத்த முடியாதா?

நான் கேட்பது பெரிய மாற்றம் அல்ல. "துணியை ஆற்றில் விடவும்" என்று எழுதுகிற இடத்தில் "வஸ்திர தானம் செய்யவும்" என்று எழுதுங்கள். நீராடி, கோயிலுக்குள் போய்ச் சுவாமியையும் உலகம்மையையும் கும்பிட்டு, ஒரு வேட்டியோ சேலையோ புதிதாக வாங்கி இல்லாத ஒருவர் கையில் கொடுத்துவிட்டு வரச் சொல்லுங்கள். தானத்துக்குப் பலன் உண்டு என்பதை நீங்கள் ஒருவரும் மறுக்க மாட்டீர்கள். உலகம்மை சந்நிதிக்கு முன்னே உரலில் பெண்கள் மஞ்சள் இடிக்கிறார்கள். அந்த மஞ்சள் அம்மனின் அபிஷேகத்துக்குப் போகிறது. அதையும் பரிகாரமாகச் சொல்லலாமே. கையால் உழைத்து அம்மனுக்குக் கொடுப்பதைவிட மேலான பரிகாரம் என் சிற்றறிவுக்குத் தெரியவில்லை. உடுத்திய துணியைக் கழிக்கத்தான் வேண்டும் என்று ஒருவருடைய ஜாதகத்தைப் பார்த்து உங்களுக்குத் தோன்றுமானால், தண்ணீரில் விடாமல் கரையில் அதற்கென்று வைத்திருக்கிற தொட்டியில் போட்டால் போதும், அதுவும் விட்டதாகவே ஆகும் என்று உங்கள் வாயால் சொல்லி அனுப்புங்கள். நீங்கள் சொன்னால் அவர்களுக்கு நிம்மதி.

இதில் ஊரைச் சேர்ந்தவர்கள் செய்ய வேண்டியதும் இருக்கிறது. படித்துறைக்குப் பக்கத்தில் பெண்கள் உடை மாற்றத் தாழ்ப்பாளோடும் தண்ணீரோடும் கூடிய, போதுமான அறைகள் வேண்டும். ஈரச் சேலையைப் பிழிந்து மடித்து எடுத்துக்கொள்ள ஓர் இடம் இருந்தால், தோஷத்துக்காக அல்லாமல் வேறு வழியின்றிப் போட்டுவிட்டுப் போகிறவர்களின் துணியாவது குறையும். அதை உரியவர்களிடம் தனியாகக் கேட்டுக்கொண்டிருக்கிறோம். ஷாம்பு பாக்கெட், உடைந்த சாமி படம் பற்றியெல்லாம் இன்னொரு முறை எழுதுகிறேன்.

உங்களில் யாரேனும் நேரில் பார்க்க விரும்பினால், எந்த ஞாயிற்றுக்கிழமையும் காலை ஆறு மணிக்கு வாருங்கள். கோயிலுக்கு எதிரே உள்ள படிகளில் நாங்கள் இருப்போம். நீங்கள் ஆற்றில் இறங்க வேண்டாம். கரையில் நின்று பார்த்தால் போதும்.

அந்த மஞ்சள் சுடிதாரை அன்று மாலையே பாறையிலிருந்து எடுத்துவிட்டேன். நல்ல துணி. துவைத்து, உலர்த்தி, மடித்து வீட்டில் வைத்திருக்கிறேன். எங்கள் தெருவில் இரண்டு பேரிடம் கொடுக்கப் பார்த்தேன். ஆற்றில் விட்ட துணி என்றதும் வாங்க அஞ்சுகிறார்கள். அதை உடுத்தினால் ஒரு தோஷமும் வராது என்று உங்களில் ஒருவர் எனக்கு எழுதித் தந்தால், அந்தத் தாளையும் சேர்த்து, உடுப்பு இல்லாத ஒரு பெண்ணுக்கு, அன்று திரும்பிப் பார்க்காமல் படியேறிப் போனவளின் பெயரால் கொடுத்துவிடுவேன்.

இங்ஙனம்,
தங்கள் பதிலை எதிர்நோக்கும்,
தாமிரபரணிக் கரைவாசி